செர்வோவில் ஒரு ‘ஃபெயில்’ வரியை அழிப்பது

பிரவுசர் எஞ்சின் வேலை என்றால் புதுப்புது வசதிகளைச் சேர்ப்பது என்றே பலரும் நினைக்கிறார்கள். செர்வோ என்ற ஓப்பன்சோர்ஸ் பிரவுசர் எஞ்சினின் சோர்ஸை இறக்கிப் பார்த்தால், வேலையின் உண்மையான கணக்குப் புத்தகம் வேறோர் இடத்தில் இருக்கும். ‘டெஸ்ட்ஸ்’ ஃபோல்டருக்குள் ‘டபிள்யூபிடி’ (வெப் பிளாட்ஃபார்ம் டெஸ்ட்ஸ், எல்லா எஞ்சின்களும் ஓட்டும் பொது டெஸ்ட் தொகுப்பு), அதற்குள் ‘மெட்டா’. உள்ளே ஆயிரக்கணக்கில் ஐஎன்ஐ ஃபைல்கள். ஒவ்வொன்றிலும் சதுர அடைப்புக்குள் ஒரு டெஸ்டின் பெயர், கீழே சற்று உள்தள்ளி ஒரு சப்டெஸ்டின் பெயர், அதற்கும் கீழே ‘எக்ஸ்பெக்டெட்: ஃபெயில்’ என்று ஒரு வரி. இந்த டெஸ்ட் இப்போதைக்குத் தோற்கும், அது தெரிந்த விஷயம்தான், அதற்காக சிஐ (பேட்ச் வந்ததும் டெஸ்ட்களைத் தானாக ஓட்டிப்பார்க்கும் அமைப்பு) சிவப்பாக வேண்டாம் என்று பொருள். செர்வோவுக்குள் போகும் நல்ல பேட்ச் பெரும்பாலும் ஒரே வடிவத்தில் இருக்கும்: ரஸ்ட் கோடில் நாற்பது வரி கூடியிருக்கும், ஐஎன்ஐ ஃபைல்களில் இருபது வரி குறைந்திருக்கும். ரிவ்யூ செய்பவர் முதலில் பார்ப்பது அந்த இரண்டாவது எண்ணை.

அப்படி ஒரு வரியை முறையாக அழிப்பதற்கு என்னென்ன செய்ய வேண்டும், எங்கெங்கே சறுக்கும் என்பதுதான் இந்தப் பதிவு.

கொஞ்சம் பின்னணி. செர்வோ 2012இல் மொசில்லாவின் ஆய்வுப் பிரிவில், ரஸ்ட் மொழியோடு கைகோத்து வளர்ந்த எஞ்சின். அதன் சிஎஸ்எஸ் பகுதியான ஸ்டைலோ 2017 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 57இல் சேர்ந்தது. 2020 ஆகஸ்டில் மொசில்லாவில் நடந்த ஆட்குறைப்பில் செர்வோ குழு கலைந்தது. அதே ஆண்டு நவம்பரில் திட்டம் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் போனது. 2023இல் இகாலியா நிறுவனம் மறுபடி முழுநேர ஆட்களை இதில் இறக்கியது. 2025 அக்டோபரில் 0.0.1 என்ற முதல் வெளியீடு வந்தது. இந்த வரலாற்றில் வேலை செய்பவருக்கு உதவும் செய்தி ஒன்றே ஒன்று: பழைய லேஅவுட் (பக்கத்தின் பெட்டிகளை அடுக்கும் பகுதி), ‘லேஅவுட் 2020’ என்று அழைக்கப்பட்ட புது லேஅவுட் இரண்டும் சில காலம் ஒரே ரெபாசிட்டரியில் குடித்தனம் நடத்தின. பழையதற்கென்று தனி மெட்டா ஃபோல்டர்கூட இருந்தது. ஒரே பேட்சில் இரண்டையும் திருத்த வேண்டியிருந்தது. 2025இல் பழையது நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே இணையத்தில் ஏதாவது வழிகாட்டி கிடைத்து, அதில் ‘ஃப்ளோ ட்ரீ’ என்ற சொல் தென்பட்டால் அப்படியே மூடிவிடலாம். அது இப்போது இல்லாத வீட்டின் வரைபடம்.

எதை எடுப்பது

கிட்ஹப்பில் ‘ஈ-லெஸ்-காம்ப்ளெக்ஸ்’ லேபிள் ஒட்டிய இஷ்யூக்கள் இருக்கும். ஆனால் அவற்றுக்குப் போட்டி அதிகம். போட்ட சில மணி நேரத்திலேயே யாராவது தன் பெயரில் எடுத்துவிடுவார்கள். அதைவிட நல்ல ஊற்று வெப்-ஐடிஎல் ஃபைல்கள், அதாவது ஜாவாஸ்கிரிப்டுக்கு எஞ்சின் காட்டும் இன்டர்ஃபேஸ்களின் வரையறைகள். ஸ்பெக்கில் (வெப் தர ஆவணத்தில்) இருக்கும் இன்டர்ஃபேஸை அப்படியே ஒட்டி, இன்னும் எழுதப்படாத உறுப்புகளுக்கு முன்னால் மட்டும் இரட்டைச் சாய்கோடு போட்டு கமெண்டாக வைக்கும் வழக்கம் செர்வோவில் ஆரம்பத்திலிருந்தே உண்டு. அந்த கமெண்ட் வரிகளை கிரெப் செய்தால் செய்யப்படாத வேலையின் பட்டியல் கையில் வந்துவிடும். ஒவ்வொன்றின் பெயரையும் மெட்டா ஃபோல்டரில் தேடுங்கள். எத்தனை சப்டெஸ்ட் அதற்காகத் தோற்கின்றன என்பது உடனே தெரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டபிள்யூபிடியில் சுமார் இருபது லட்சம் சப்டெஸ்ட்கள் இருந்தாலும் அவை சமமாகப் பரவியவை அல்ல. பழைய எழுத்துக் குறியாக்கங்களைச் சோதிக்கும் பகுதியிலும், எச்டிஎம்எல் அட்ரிபியூட் ரிஃப்ளெக்ஷன் பகுதியிலும் மட்டும் மலைபோல் குவிந்திருக்கும். அங்கே ஒரு சிறு திருத்தம் ஆயிரம் வரிகளை அழித்துவிடும். டேபிள் லேஅவுட்டில் ஒரு வாரம் மல்லுக்கட்டினால் மூன்று வரி போகும். சதவீதத்தை மட்டும் பார்த்து வேலையைத் தேர்ந்தால் மூன்று வரி வேலையை யாரும் தொடவே மாட்டார்கள், பக்கங்கள் உடைந்தபடியே கிடக்கும். சதவீதம் பயனற்றது என்று சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஐஓஎஸ்ஸுக்கு மாற்று எஞ்சின் கொண்டுவர ஆப்பிள் வைத்த நிபந்தனைகளில் டபிள்யூபிடியில் 90 சதவீதம் தேற வேண்டும் என்பதும் ஒன்று. ஆனால் அது எஞ்சின் முழுமைக்குமான அளவு. தனி பேட்சை அதைக்கொண்டு எடைபோடக் கூடாது.

நிஜமான தளம் ஒன்று உடைந்து தெரிகிறது என்பதிலிருந்தும் தொடங்கலாம். பக்கத்தைச் சேமித்து, பாதியை வெட்டி, இன்னும் உடைகிறதா என்று பார்த்து, மறுபடி பாதியை வெட்டி, கடைசியில் பத்து வரி எச்டிஎம்எல் மிஞ்சும் வரை குறைக்க வேண்டும். அந்தப் பத்து வரிதான் பிறகு டெஸ்டாக மாறும். குறைக்காமலே கோடுக்குள் இறங்கினால், காரணம் என்று நாம் நினைத்தது ஒன்றாகவும் உண்மையில் இருப்பது வேறாகவும் போய்விடும்.

பில்ட்: பொறுமை தேவைப்படும் பகுதி

எல்லாக் கட்டளையும் ‘மாக்’ என்ற ஸ்கிரிப்ட் வழியாகத்தான். முதலில் மாக் பூட்ஸ்ட்ராப், பிறகு மாக் பில்ட். 16 ஜிபி ராம் இருந்தால் நிம்மதி. 8 ஜிபியில் லிங்க் ஆகும் கட்டத்தில் இயந்திரம் ஸ்வாப்புக்குள் மூழ்கும். அப்போது ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். டீபக், ரிலீஸ் இரண்டையும் பில்ட் செய்தால் டார்கெட் ஃபோல்டர் பல பத்து ஜிபியைத் தின்றுவிடும்.

நேரத்தைத் தின்பது ‘ஸ்கிரிப்ட்’ என்ற கிரேட் (ரஸ்டில் ஒன்றாகக் கம்பைல் ஆகும் கோட் தொகுப்பு). டாம் (பக்கத்தின் எலிமெண்ட்களை ஜாவாஸ்கிரிப்டுக்குக் காட்டும் ஆப்ஜெக்ட் மரம்) ஏறக்குறைய முழுவதும் அதற்குள் இருக்கிறது. அதில் ஒரு வரி மாறினாலும் கிரேட் முழுக்க மறுபடி கம்பைல் ஆகும். வெப்-ஐடிஎல் ஃபைலைத் தொட்டால் இன்னும் மோசம்: பைத்தானில் எழுதிய கோட்ஜென் (கோடைத் தானே எழுதித் தரும் ஸ்கிரிப்ட்) ஓடி, பைண்டிங்குகள் புதிதாக உருவாகி, அவற்றை நம்பியிருக்கும் அத்தனையும் மறுபடி. ஆகவே ஐடிஎல் மாற்றத்தை முதலிலேயே ஒரே தடவையில் முடித்துவிட வேண்டும். பிறகு டைப் பிழைகளைத் திருத்தும் வரை மாக் செக் மட்டும் போதும், முழு பில்ட் வேண்டாம்.

டெஸ்டை டீபக் பில்டில் ஓட்டுவதால் வரும் வினை ஒன்று உண்டு. டீபக் பில்ட் மெதுவானது, அதனால் நேரம் தீர்ந்து ‘டைம்அவுட்’ என்று பல டெஸ்ட்கள் விழும். அந்த முடிவை அப்படியே ஐஎன்ஐ ஃபைலில் பதியவைத்தால் சிஐயில், ரிலீஸ் பில்டில், அதே டெஸ்ட் பாஸ் ஆகி பேட்ச் திரும்பி வரும். எதிர்பார்ப்பைத் திருத்தும் ஓட்டம் எப்போதும் ரிலீஸ் பில்டிலேயே இருக்கட்டும். பானிக் (ரஸ்ட் கோட் பிழை கண்டு தானே நின்றுபோவது) எங்கே என்று தேடும்போது மட்டும் டீபக்.

ஒரு அட்ரிபியூட், தொடக்கத்திலிருந்து முடிவு வரை

மிகச் சிறிய வேலையை எடுத்துக்கொள்வோம்: ஒரு எச்டிஎம்எல் எலிமெண்டில் இல்லாத பூலியன் அட்ரிபியூட். ஐடிஎல்லில் கமெண்டை எடுத்துவிட்டு, முன்னால் ‘சிஇ-ரியாக்ஷன்ஸ்’ குறிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டாலும் கம்பைல் ஆகும், சாதாரண டெஸ்ட்களும் தேறும். கஸ்டம் எலிமெண்டின் அட்ரிபியூட்-சேஞ்ச்டு கால்பேக் மட்டும் உரிய நேரத்தில் ஓடாது. பிறகு அந்த எலிமெண்டின் ரஸ்ட் ஃபைலில், ட்ரெயிட்டுக்கான பகுதியில், கெட்டர் மேக்ரோ ஒரு வரி, செட்டர் மேக்ரோ ஒரு வரி. பூலியன் என்பதால் மதிப்பு என்னவாக இருந்தாலும் அட்ரிபியூட் இருந்தாலே உண்மை. ‘ஃபால்ஸ்’ என்று எழுதியிருந்தாலும் உண்மைதான்.

மேக்ரோவில் அட்ரிபியூட்டின் பெயரைக் கொடுத்ததும் ‘அப்படி ஒரு லோக்கல் நேம் இல்லை’ என்று கம்பைலர் கத்தலாம். பெயர்களெல்லாம் கம்பைல் நேரத்திலேயே ‘ஆட்டம்’ என்ற, வேகமாக ஒப்பிடத்தக்க வடிவமாக மாற்றப்படும் நிலைப்பட்டியலில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியல் செர்வோவில் இல்லை, எச்டிஎம்எல் பார்சரான எச்டிஎம்எல்5எவரின் ரெபாசிட்டரியில் இருக்கிறது. அங்கே தனி புல் ரிக்வெஸ்ட் போட்டு, அது சேர்ந்து வரும் வரை காத்திருக்க வேண்டும். அல்லது இப்போதைக்கு ஓடும் நேரத்தில் பெயரை உருவாக்கிக்கொண்டு பின்னால் மாற்றலாம்.

குறிப்பிட்ட சில சொற்களை மட்டும் ஏற்கும் அட்ரிபியூட் என்றால் விஷயம் கொஞ்சம் நுணுக்கமாகும். அட்ரிபியூட்டே இல்லாதபோது வரும் மதிப்பு வேறு, தவறான சொல் இருக்கும்போது வரும் மதிப்பு வேறு. ஸ்பெக்கில் இரண்டும் தனித்தனி வரி. அவசரத்தில் ஒன்றையே இரண்டுக்கும் வைத்துவிடுவது வாடிக்கை. அடுத்து, பெரிய சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காமல் ஒப்பிட வேண்டும் என்று ஸ்பெக் சொல்லும், ஆனால் ஆஸ்கி எழுத்துகளுக்கு மட்டும். ரஸ்டின் பொதுவான லோயர்கேஸ் ஃபங்ஷன் யூனிகோட் முழுக்கப் பார்க்கும். கெல்வின் வெப்பநிலைக் குறியைக்கூட சாதாரண ஆங்கில ‘கே’யாக மாற்றிவிடும். ஆஸ்கிக்கென்று தனி ஃபங்ஷன் இருக்கிறது, அதையே பயன்படுத்த வேண்டும். பார்ப்பதற்கு வீண் நுணுக்கம் போல இருக்கும். ஆனால் நான்கு எஞ்சின்கள் நான்கு விதமாக நடந்தால் வெப்பில் எதையும் நம்பி எழுத முடியாது.

அட்ரிபியூட் மாறினால் ஏதாவது நடக்க வேண்டும் என்றால், ‘அட்ரிபியூட்-மியூட்டேட்டட்’ என்ற மெதடில் எழுத வேண்டும். அங்கே முதல் வரியாகத் தாய் டைப்பின் அதே மெதடைக் கூப்பிட மறந்தால், அந்த எலிமெண்டில் மட்டும் ஐடி, கிளாஸ் போன்ற பொதுவானவை மாறுவது எஞ்சினுக்கே தெரியாது. அறிகுறி விசித்திரமாக இருக்கும்: நாம் சேர்த்தது சரியாக வேலை செய்யும், சம்பந்தமே இல்லாத இருநூறு டெஸ்ட் விழும்.

ஒவ்வொரு மெதடுக்கும் மேலே ஸ்பெக்கின் இணைப்பு டாக் கமெண்டாக இருக்க வேண்டும்; இல்லையென்றால் மாக் டெஸ்ட்-டைடி விடாது. உள்ளே ‘ஸ்டெப் 1’, ‘ஸ்டெப் 2’ என்று ஸ்பெக்கின் படிகளை எண்ணோடு கமெண்டாக வைத்து, கோடையும் அதே வரிசையில் எழுதுவதுதான் வழக்கம். படி நான்கும் ஐந்தும் இடம் மாறினால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றும். இரண்டுக்கும் நடுவே பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் ஓட வாய்ப்பிருந்தால், எல்லாமே கெட்டுவிடும்.

அதே காரணத்தால் ‘ஈவென்ட்டை ஃபயர் செய்’ என்பதையும் ‘ஈவென்ட்டை ஃபயர் செய்ய ஒரு டாஸ்கை வரிசையில் போடு’ என்பதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. டாஸ்க் போட வேண்டிய இடத்தில் உடனே ஃபயர் செய்தால், பக்கம் அடுத்த வரியில் வைக்கப்போகும் ஹேண்ட்லர் அந்த ஈவென்ட்டைப் பார்க்கவே பார்க்காது. டாஸ்க்குக்குள் டாம் ஆப்ஜெக்டை எடுத்துச் செல்ல ‘ட்ரஸ்டட்’ என்ற உறை வேண்டும். டாஸ்க் ஓடும்போது அதை ரூட் செய்து (கார்பேஜ் கலெக்டர் அழிக்காதபடி பிடித்துவைத்து) பயன்படுத்த வேண்டும். வெறும் ரெஃபரன்ஸை ரஸ்ட் கம்பைலர் ஏற்காது. இந்த ஒரு விஷயத்திலாவது நம்மைக் காப்பாற்ற ஆள் இருக்கிறது.

குப்பை சேகரிப்பவர் எப்போது வருவார்

ரஸ்டில் எழுதினால் நினைவகப் பிழையே வராது என்று நம்பி வருபவர்களுக்கு டாம் கோட் ஒரு பாடம். டாம் ஆப்ஜெக்ட்களின் ஆயுளைத் தீர்மானிப்பது ரஸ்ட் அல்ல, ஃபயர்பாக்ஸிலிருந்து கடன் வாங்கிய ஸ்பைடர்மங்கி என்ற ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினின் கார்பேஜ் கலெக்டர், அதாவது யாரும் பயன்படுத்தாத நினைவகத்தை விடுவிக்கும் பகுதி. ஸ்ட்ரக்டின் ஃபீல்டில் வைப்பதற்கு ஒரு டைப், ஸ்டாக்கில் வைப்பதற்கு வேறொரு டைப். ஃபீல்டுக்கானதைக் கலெக்டர் தேடி வந்து குறித்துக்கொள்ளும். ஸ்டாக்கில் இருப்பது ‘டாம்ரூட்’ ஆக இருந்தால்தான் அதற்குத் தெரியும். மாற்றி வைத்தால் கண்டுபிடிக்க ‘கிரவுன்’ என்ற லின்ட் (கோடை ஓட்டாமலே தவறு தேடும் கருவி) இருக்கிறது. சிஐயில் அது ஓடும், உங்கள் இயந்திரத்தில் ஓட வேண்டுமென்றால் தனியாகச் சொல்ல வேண்டும். ஆகவே வீட்டில் பச்சை, சிஐயில் சிவப்பு என்ற நிலை வரலாம்.

லின்ட்டுக்கு அகப்படாதது ‘டாம்ரெஃப்செல்’ பானிக். ஃபீல்டை மாற்றுவதற்காக அதன்மேல் கடன் (ரஸ்டில் ‘பாரோ’, தற்காலிக உரிமை) எடுத்துக்கொண்டு, அந்தக் கடன் கையில் இருக்கும்போதே ஈவென்ட் ஃபயர் செய்கிறோம். பக்கத்தின் ஹேண்ட்லர் அதே ஆப்ஜெக்டின் அதே ப்ராபர்ட்டியைப் படிக்கிறது. ஏற்கனவே மாற்றக் கடன் போயிருக்கிறது என்று பானிக், பக்கம் செத்துவிடும். இது எப்போதும் நடக்கும், அதனால் பிடிப்பது எளிது. இன்னொரு வகை இருக்கிறது: கடன் கையில் இருக்கும்போது புது ஜாவாஸ்கிரிப்ட் ஆப்ஜெக்ட் ஒன்றை உருவாக்குகிறோம், சரியாக அந்த நேரம் பார்த்து கலெக்டர் கிளம்பி எல்லா ஃபீல்டையும் படிக்க வருகிறது. ஆயிரத்தில் ஒரு முறை நடக்கும். டெஸ்ட் எப்போதாவது ‘கிராஷ்’ என்று விழும், மறுபடி ஓட்டினால் தேறும்.

இதற்காகத்தான் கலெக்டரைக் கிளப்பக்கூடிய ஃபங்ஷன்கள் அனைத்துக்கும் ‘கேன்ஜிசி’ என்ற வெற்று ஆர்குமெண்ட் ஒன்றைக் கடத்தும் முறையைக் கொண்டுவந்தார்கள். அது எதையும் செய்யாது. இந்த வரியில் கலெக்டர் வரலாம் என்று படிப்பவருக்கும் கருவிகளுக்கும் சொல்வதுதான் அதன் வேலை. நூற்றுக்கணக்கான ஃபங்ஷன்களில் அதைச் சேர்த்த வேலை ஒரே பேட்சில் முடியவில்லை, ஃபைல் ஃபைலாகப் பல பேர் சிறு பேட்ச்களாகச் செய்தது. தீர்வு என்னவோ எளிது: தேவையானதை உள்ளூர் வேரியபிளில் எடுத்துக்கொண்டு, கடனை மூடிவிட்டு, பிறகு கூப்பிடுங்கள். வரும் ஆனால் வராது என்று ஆட்டம் காட்டும் பானிக்கை வெளியே இழுக்க, ஸ்பைடர்மங்கியின் ‘ஜிசி ஜீல்’ அமைப்பை முடுக்கிவிட்டு கலெக்டரை அடிக்கடி ஓடவைக்கலாம். பக்கம் ஆமை வேகத்தில் நகரும், பிழை மட்டும் உடனே வரும்.

சிஎஸ்எஸ் என்றால் இரண்டு ரெபாசிட்டரி

சிஎஸ்எஸ் ப்ராபர்ட்டியைப் படித்துப் புரிந்துகொள்வது ஸ்டைலோ. அதன்படி பெட்டிகளை அடுக்குவது செர்வோவின் லேஅவுட். ஸ்டைலோ ஃபயர்பாக்ஸின் மரத்தில் வாழ்கிறது. செர்வோ அதன் ஒரு ஃபோர்க்கை (தன் திருத்தங்களோடு கூடிய நகலை) தனி ரெபாசிட்டரியில் வைத்துக்கொண்டு அவ்வப்போது மேலிருந்து புதுப்பிக்கிறது. ஃபோர்க்கில் நாம் சேர்ப்பது எவ்வளவு குறைவோ, அடுத்த புதுப்பித்தலில் மோதல் அவ்வளவு குறைவு. எனவே அங்கே அழகுபடுத்தும் வேலை எதுவும் வேண்டாம்.

ஃபயர்பாக்ஸுக்கு இருக்கும் ப்ராபர்ட்டிகள் பலவும் ஸ்டைலோவில் ஏற்கனவே இருக்கின்றன. செர்வோவுக்கு மட்டும் ‘லேஅவுட் அன்இம்ப்ளிமென்டட்’ என்ற ப்ரெஃபரன்ஸின் பின்னால் பூட்டியிருக்கும். பூட்டைத் திறப்பது ஒரு வரி வேலை. அந்த ஒரு வரியை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டால் பார்சிங் டெஸ்ட்களும் கம்ப்யூட்டட் வேல்யூ டெஸ்ட்களும் கொத்தாகத் தேறும், நூறு வரி அழியும். ஆசையாகத்தான் இருக்கும். செய்யக் கூடாது. பக்கங்கள் ‘அட்-சப்போர்ட்ஸ்’ வைத்துக் கேட்கின்றன: இந்த ப்ராபர்ட்டி உனக்குத் தெரியுமா? தெரியும் என்று எஞ்சின் பொய் சொன்னால், பழைய பிரவுசருக்கென்று எழுதிவைத்த நல்ல லேஅவுட்டை விட்டுவிட்டுப் புதியதற்குப் போகும். அதை அடுக்கத் தெரியாமல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழும். டாம் பக்கத்திலும் இதே கதை: வெறும் வெற்று மெதட் ஒன்றை வைத்தால் ஐடிஎல்லில் உள்ள உறுப்புகள் இருக்கின்றனவா என்று பார்க்கும் ‘ஐடிஎல்ஹார்னஸ்’ டெஸ்ட்கள் தேறிவிடும், ஆனால் மெதட் இருக்கிறதா என்று கேட்டு நடக்கும் பக்கம் ஏமாறும். பாதி முடிந்ததை மெயினில் வைக்க வேண்டுமென்றால் ப்ரெஃபரன்ஸ் ஒன்றின் பின்னால் வையுங்கள். டெஸ்ட் ஃபோல்டரின் ‘டிர்’ ஐஎன்ஐயில் அதை இயக்கிவிட்டால் டெஸ்ட்டும் ஓடும், பொதுப் பயனருக்கும் கேடில்லை.

ப்ராபர்ட்டி மாறும்போது எவ்வளவு வேலையை மறுபடி செய்ய வேண்டும் என்பதையும் ஸ்டைலோவில்தான் சொல்ல வேண்டும். நிறம் மாறினால் மறுபடி வரைந்தால் போதும். அகலம் மாறினால் லேஅவுட். டிஸ்ப்ளே மாறினால் பெட்டி மரத்தின் அந்தப் பகுதியையே இடித்துக் கட்ட வேண்டும். இதற்கு ‘டேமேஜ்’ என்று பெயர். தேவைக்குக் குறைவாகச் சொன்னால் வரும் பிழைக்குத் தனி அடையாளம் உண்டு: ஜாவாஸ்கிரிப்ட் மாற்றியது திரையில் தெரியாது, விண்டோவின் ஓரத்தைப் பிடித்து லேசாக இழுத்ததும் தெரிந்துவிடும். இழுத்தபோது முழு லேஅவுட்டும் மறுபடி நடந்ததுதான் காரணம். தேவைக்கு மேல் சொன்னால் பிழை வராது, அனிமேஷன் மட்டும் திணறும். அதை எந்த டபிள்யூபிடி டெஸ்டும் பிடிக்காது. பக்கம் ஏறியவுடன் படம் எடுத்து ஒப்பிடும் டெஸ்ட்கள் முதல் வகையையும் பிடிக்காது. அதனால் முதலில் ஒரு மதிப்பை வைத்து, ஒரு ஃபிரேம் கழித்து மாற்றி, பிறகு ஒப்பிடும் டெஸ்டை நாமே எழுத வேண்டும். ‘ரெஃப்டெஸ்ட்-வெயிட்’ கிளாஸ் அதற்காகவே இருக்கிறது.

ரெஃப்டெஸ்ட் பற்றி இன்னொன்று. டெஸ்ட் பக்கத்தையும் ரெஃபரன்ஸ் பக்கத்தையும் வரைந்து, பிக்சலுக்குப் பிக்சல் ஒப்பிடுவதுதான் அது. இரண்டுமே எஞ்சினுக்குத் தெரியாத ஒன்றைப் பயன்படுத்தினால் இரண்டும் வெற்றுப் பக்கமாக வரும். வெறுமையும் வெறுமையும் சமம், டெஸ்ட் பாஸ். நமது பேட்சுக்குப் பின் டெஸ்ட் பக்கம் மட்டும் சரியாகத் தெரியத் தொடங்கும், ரெஃபரன்ஸ் இன்னும் தெரியாது, டெஸ்ட் புதிதாகத் தோற்கும். இதைக் கண்டு பயந்து பேட்சைத் திருப்ப வேண்டாம். இரண்டு பக்கங்களையும் செர்வோவின் சிறு பிரவுசரான செர்வோஷெல்லில் ஹெட்லெஸ்ஸாக (விண்டோ திறக்காமல்) ஓட்டி, படமாக எடுத்துக் கண்ணால் பாருங்கள். நியாயமான தோல்வி என்றால் ஐஎன்ஐயில் ஃபெயில் வரி சேர்த்து, புல் ரிக்வெஸ்டில் காரணம் எழுதினால் ரிவ்யூவில் ஏற்பார்கள்.

தமிழை வைத்துச் சோதித்தல்

டெக்ஸ்ட் லேஅவுட்டைத் தொடும் எந்தப் பேட்சுக்கும் ‘கொ’ ஒரு நல்ல உரைகல். நினைவகத்தில் ககரம் முதலில், உயிர்க்குறி பின்னால். திரையில் ஒற்றைக்கொம்பு இடப்பக்கம், ககரம் நடுவில், கால் வலப்பக்கம். அந்த உயிர்க்குறியை ஒரே கோட்பாயிண்டாகவும் எழுதலாம், கொம்பையும் காலையும் இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். யூனிகோட் பார்வையில் இரண்டும் சமம். ஷேப்பிங் செய்யும், அதாவது கோட்பாயிண்டுகளை வரையவேண்டிய வடிவங்களாக (கிளிஃப்) மாற்றும் ஹார்ஃப்பஸ் லைப்ரரி இரண்டுக்கும் ஒரே மூன்று கிளிஃப்பைத் தரும். எஞ்சின் அந்த மூன்றையும் ஒரே கிளஸ்டராக நடத்த வேண்டும். கிளிஃப் ஒன்றுக்கு ஒன்று என்று லெட்டர்-ஸ்பேசிங்கைச் சேர்த்தால் கொம்பு ஒருபுறம், கால் ஒருபுறம் என்று எழுத்து சிதறிப்போகும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்த பேட்ச் இங்கேதான் மாட்டும்.

ஃபாண்ட் ஃபால்பேக்கைத் தொட்டிருந்தால் வேறொரு அறிகுறி: உயிர்க்குறிக்குப் பக்கத்தில் புள்ளிகளால் ஆன வட்டம். ககரத்துக்கு ஒரு ஃபாண்ட், குறிக்கு வேறொரு ஃபாண்ட் என்று எஞ்சின் எழுத்தை நடுவில் வெட்டிவிட்டது என்று அர்த்தம். தாங்க மெய்யில்லாத குறியை ஹார்ஃப்பஸ் வட்டத்தின்மேல் வைத்துக் காட்டுகிறது. ஃபாண்ட் தேர்வு எழுத்துக்கு எழுத்து நடக்க வேண்டும், கோட்பாயிண்டுக்குக் கோட்பாயிண்ட் அல்ல. கர்சர் நகர்வும் அப்படியே: யூனிகோடின் எழுத்துப் பிரிப்பு ஆவணமே எடுத்துக்காட்டாக ‘நி’யைத் தருகிறது. நகரத்துக்கும் இகரக் குறிக்கும் நடுவே கர்சர் நின்றால், எஞ்சின் பழைய விதியைப் பின்பற்றுகிறது என்று பொருள். இவற்றை டெஸ்டாக எழுதும்போது சிஸ்டம் ஃபாண்டை நம்பாதீர்கள். சிஐ இயந்திரத்தில் தமிழ் ஃபாண்ட் இருக்குமென்று உத்தரவாதம் இல்லை. ஃபாண்டை டெஸ்டோடு சேர்த்து வைத்து, ‘ஃபாண்ட்-ஃபேஸ்’ வழியாக ஏற்றுங்கள்.

அனுப்புவதற்கு முன்

மாக் டெஸ்ட்-டபிள்யூபிடியைச் சம்பந்தப்பட்ட ஃபோல்டரில் மட்டும் ஓட்டி, ‘லாக்-ரா’ கொடுத்து முடிவை ஒரு ஃபைலில் பிடித்து, அந்த ஃபைலை மாக் அப்டேட்-டபிள்யூபிடிக்குக் கொடுத்தால் ஐஎன்ஐ எல்லாம் தானே திருந்தும். கையால் திருத்துவது வீண் வேலை, தவறும் வரும். திருந்தியபின் டிஃப்பை வரி வரியாகப் படிக்க வேண்டும். அழிந்த வரிகளை விட, புதிதாகச் சேர்ந்த வரிகளைக் கவனியுங்கள். நீங்கள் உடைத்ததைக் கருவி விசுவாசமாகப் பதிவு செய்து வைத்திருக்கும். ஃபோல்டரே ஓடவில்லை, பூஜ்ஜியம் டெஸ்ட் என்று வந்தால் ‘இன்க்ளூட்’ ஐஎன்ஐயில் அந்த ஃபோல்டர் ஸ்கிப் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பக்கத்து ஃபோல்டர்களையும் விட்டுவிடக் கூடாது. நீங்கள் தொட்டது டாம் என்றாலும் அதனால் எங்கோ ஒரு டெஸ்ட் புதிதாகத் தேறலாம்; எதிர்பாராத பாஸும் சிஐக்குத் தோல்விதான். எல்லாவற்றையும் வீட்டில் ஓட்ட முடியாது. மாக் ட்ரை கொடுத்தால் உங்கள் ஃபோர்க்கிலேயே கிட்ஹப் இயந்திரங்களில் ஓடும். முடிவில் ‘ஃப்ளேக்கி’ என்று குறித்தவற்றைக் கடந்து போகலாம். மறுபடி ஓட்டியபோது வேறு முடிவு தந்தவை அவை. நிலையான எதிர்பாராத முடிவு என்று வருவதுதான் உங்களுடையது.

டபிள்யூபிடியின் நகலில் நீங்கள் புது டெஸ்ட் சேர்த்தால், மேல் ரெபாசிட்டரிக்கான புல் ரிக்வெஸ்டை பாட் தானாகவே திறக்கும். குரோமியம், ஃபயர்பாக்ஸ், வெப்கிட் எல்லோரும் அதைப் பிறகு ஓட்டுவார்கள், எனவே செர்வோவுக்கு மட்டும் பொருந்தும் எதையும் அதில் வைக்காதீர்கள். அப்படிப்பட்டதற்கு மொசில்லா என்ற பழைய பெயரோடு தனி ஃபோல்டர் இருக்கிறது. கமிட்டில் ‘சைன்டு-ஆஃப்-பை’ வரி வேண்டும், கிட் கமிட்டுக்கு சிறிய ‘எஸ்’ கொடுத்தால் வந்துவிடும். தலைப்பில் முதலில் கிரேட்டின் பெயர், பிறகு செய்த வேலை. ரிஃபாக்டரிங் செய்தே தீர வேண்டுமென்றால் அது தனி பேட்ச், முன்னால் போகட்டும். நடத்தை மாறும் பேட்சோடு கலந்தால் ரிவ்யூ செய்பவருக்கு எது எதனால் மாறியது என்று தெரியாமல் வாரக்கணக்கில் கிடக்கும்.

கடைசியாக ஒன்று. ஐஎன்ஐ ஃபைலில் இருந்த எல்லா வரியும் போய்விட்டால் அப்டேட்-டபிள்யூபிடி அந்த ஃபைலையே நீக்கிவிடும். ஒவ்வொரு ஃபைலாகப் பெயர் சொல்லி கிட் ஆட் செய்யும் பழக்கம் இருந்தால் நீக்கப்பட்டது விடுபட்டுப்போகும். அப்புறம் சிஐ, எதிர்பார்த்தது ஃபெயில், வந்தது பாஸ் என்று சிவப்பாக நிற்கும்.